பச்சை லைட் எரியுது, மாமி

அரைகுறை அறிவுள்ளவன் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுக்கக் கூடாது. எனக்கு வெள்ளவத்தையில் பெண்ணையும் கொடுத்து, வீட்டுப் பிளக்குகளையும் நம்பி ஒப்படைத்தார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளையாகப் போன முதல் மாதமே, மனைவியின் தாயான மாமியின் கொம்பியூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்கு, திடீரென எகிறும் கரண்டை மறிக்கும் சேர்ஜ் புரொடெக்டர் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். (தகுதி: இரண்டு வீடியோக்கள். இரண்டாவதை முழுதாகப் பார்க்கவில்லை.) விரல் மூட்டுகள் இறுகி ஊசி பிடிக்க முடியாத மாமி, கலியாண பிளவுஸ்களுக்கு அந்த மெஷினில்தான் பூவேலை செய்து வந்தார். அவருடைய தொழிலே அதுதான்.

வானம் இருண்டாலே மாமி ஓடிவந்து எல்லாப் பிளக்கையும் கழற்றுவார். எனக்கு அது படிக்காதவர் வேலையாகத் தெரிந்தது.

ஒரு ஒக்டோபர் பின்னேரம். அடுத்த ஒழுங்கையில், பக்கத்துச் சந்து வீடொன்றில், நாளை மறுநாள் கலியாணம். மணமகளின் பிளவுஸில் இடது கை மயில் முடிந்து, வலது கை மயில் கழுத்து வரை வந்திருந்தது. வானம் முழங்கியது.

“தம்பி, கழட்டுவமே?”

“தேவையில்லை மாமி. பச்சை லைட் எரியுது, பாருங்கோ. இடியே வந்தாலும் இந்தப் பெட்டி மறிச்சுப்போடும்.”

“சின்னப் பெட்டியாயெல்லோ கிடக்கு.”

“சயன்ஸ், மாமி.”

சயன்ஸுக்குப் பதில் உடனே வந்தது. பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் எங்கோ இடி விழ, மெஷினுக்குள் ‘டப்’ என்றது. கருகல் மணம் எழும்பியது. மயில் கழுத்தோடு நின்றுவிட்டது. பெட்டியில் பச்சை லைட் மட்டும் அமோகமாக எரிந்துகொண்டிருந்தது.

“இனிக் கழட்டலாமோ, தம்பி?” என்று கேட்டார் மாமி. எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

மறுநாள் வந்த மின்வேலைக்காரர் ஹட்டன் பக்கத்தவர். பெட்டியைத் திறந்து, நாணயம் அளவில் கருகிக் கிடந்த வில்லைகளைக் காட்டினார்.

“கரண்ட் கொஞ்சம் துள்ளினா இது தாங்கும். துள்ளத் துள்ளத் தேஞ்சும் போகும். இடிக்கெல்லாம் இது பத்தாதுங்க. அதோட, இது தள்ளிவிடுற கரண்ட் மண்ணுக்குப் போகணுமில்ல? உங்க பிளக் பொயின்ட்ல எர்த் வயரே இல்லையே.”

“அப்ப பச்சை லைட்?”

“கரண்ட் வருதுன்னு சொல்லும். வேற ஒண்ணும் சொல்லாது.”

(உண்மைதான். உத்தரவாதம் கொடுத்தது லைட் இல்லை, நான்.)

மெஷினைத் திருத்த இரண்டு வாரமாகும் என்றார்கள். மிச்ச மயிலை, மாமி சொல்லச் சொல்ல, மனைவியும் நானும் கையால் தைத்தோம். தோகை என் பங்கு. முடிந்தபோது அது மழையில் நனைந்த கோழியாக இருந்தது. இடது கையையாவது முந்தானை மறைக்கும். வலது கை மண்டபத்துக்கே தெரியும். மணமகள் அழுதாள். அந்த ஒழுங்கையிலிருந்து அதன்பிறகு ஒருவரும் மாமியிடம் பிளவுஸ் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு சுடுகிறது.

எங்கள் வீட்டில் பாதியில் கெட்ட எந்த வேலைக்கும் அன்றுமுதல் ‘மருமகன் கை’ என்று பெயர். பிறகு பிறந்த என் மகள் அதை நல்ல தமிழ்ச் சொல் என்றே நம்பி வளர்ந்தாள். போன மாதம் பள்ளிக்கூடக் கட்டுரையில், ‘அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கி மருமகன் கையாக விட்டுவிட்டார்’ என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் அதற்குச் சிவப்பில் கோடிட்டு, ‘இச்சொல்லின் பொருளைப் பெற்றோர் எழுதி அனுப்பவும்’ என்று கேட்டிருந்தார்.

மாமி பேனாவை என்னிடம் நீட்டினார்.

“எழுதுங்கோ, தம்பி. உங்களுக்குத்தானே விளக்கம் சொல்ல வரும்.”