தலைப்பு டாக்டர்

கண் ஆராய்ச்சி உலகில் ஓர் இனம் உண்டு. அதற்கு நுண்ணோக்கி தேவையில்லை, சோதனை எலி தேவையில்லை. அரசாங்கம் வெளியிடும் தேசிய சுகாதாரக் கொள்கையின் ஒரு பிரதி இருந்தால் போதும். அதில் 'முன்னுரிமைகள்' என்ற பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் வாழ்நாள் லட்சியம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளும்.

அந்த இனத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'தலைப்பு டாக்டர்' என்பார்கள். கொள்கையில் கண்புரை முதலிடத்தில் இருந்தபோது அவர் கண்புரைக்காகவே பிறந்தவர். சர்க்கரை நோய் மேலே வந்ததும், சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையை நினைத்துத் தூக்கம் போகிறது என்று மேடையில் உருகினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிட்டப்பார்வை, கம்ப்யூட்டரே நோயைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் போன பக்கமெல்லாம் அவரும் போனார். காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போதே அவர் மனைவி கேட்பாராம்: "இன்னைக்கு எந்த நோய்ங்க?"

சிரிக்காதீர்கள். பட்டியலில் இல்லாத ஆராய்ச்சிக்கு அறை கிடைக்காது, ஆள் கிடைக்காது, பழைய நாற்காலியைக்கூட அடுத்த பிரிவு தூக்கிப்போய்விடும். பாவம், அவர் என்ன செய்வார்?

அவருக்கும் உண்மையான ஆசை ஒன்று இருந்தது. வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் கிட்டே இருக்கிற எழுத்து மங்குமே, அதேதான். ஒரு சாதாரணக் கண்ணாடி இல்லாமல் எத்தனை பேர் பிழைப்பை விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் அவர் இந்தத் துறைக்கே வந்தார். ஆனால் வெள்ளெழுத்தால் யாரும் குருடாவதில்லை. குருடாகாத நோயைப் பட்டியலில் யார் சேர்ப்பார்கள்?

போன வருஷம், பட்டியலில் மறுபடியும் சர்க்கரை நோய் மேலே இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறையின் பெரிய அதிகாரி ஆராய்ச்சிப் பிரிவைப் பார்வையிட வந்தார். அதே காலையில், நாற்பத்து மூன்று வயதுத் தையல்காரப் பெண் ஒருத்தி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்து நின்றாள்.

"சர்க்கரை இருக்காம்மா?" என்றார் பதிவு எழுதுபவர்.

"இல்லைங்க."

"அப்போ ஆராய்ச்சியில சேர்க்க முடியாது. வெளிநோயாளி வரிசைக்குப் போங்க."

"அங்கேருந்துதாங்க இங்க அனுப்பினாங்க. இந்த மாசத்தோட என்னைக் கடையில வேண்டாம்னு சொல்லிட்டாங்க. தையல் கோணலாப் போகுதாம்."

கண் பரிசோதிக்கிற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நீ உள்ள வந்து உட்காரும்மா. எழுதுறதை நான் பார்த்துக்கறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அந்த நேரம் பார்த்துத் தலைப்பு டாக்டர் அதிகாரியோடு உள்ளே நுழைந்தார். இருநூறு பக்க அறிக்கையைப் பணிவாக நீட்டினார். அதிகாரி அதை வாங்கிக் கையை நீட்டினார், இன்னும் நீட்டினார், கை முடிந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை. "அச்சு சரியில்லையே" என்றார்.

மூலையிலிருந்து தையல்காரி குரல் கொடுத்தாள். "அச்சு நல்லாத்தான் இருக்கும் சார். நானும் முதல்ல நூலைத்தான் திட்டினேன்."

அக்கா அசராமல், சோதனைக் கண்ணாடிச் சட்டகத்தில் இரண்டு வில்லைகளைச் செருகி அதிகாரியின் மூக்கில் மாட்டிவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. நம் டாக்டரின் கெட்ட காலம், அறிக்கையைப் படிக்கவும் தொடங்கிவிட்டார்.

"என்ன டாக்டர், சர்க்கரை நோய் ஆராய்ச்சின்னு போட்டிருக்கு. உள்ள பூரா தையல்காரங்க, நகை செய்யறவங்க, அரிசியில கல்லு பொறுக்கறவங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைப்பு டாக்டருக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. பிறகு சொல்லியே விட்டார்: "சார், தலைப்பு உங்களுக்கு. ஆளுங்க எனக்கு. பதினெட்டு வருஷமா நான் தெரிஞ்சுக்கணும்னு நினைச்சது இது ஒண்ணுதான். உங்க பட்டியல்ல அது வரவேயில்ல."

அதிகாரி அவரை விசித்திரமாகப் பார்த்தார். "பட்டியல் எப்படித் தயாராகுதுன்னு நினைக்கறீங்க? நீங்கள்லாம் என்ன ஆராய்ச்சி பண்றீங்கன்னு தலைப்பைப் பார்த்துத்தான் நாங்க எழுதறோம்."

பதினெட்டு வருஷம்! இவர் அவர்களைப் பார்த்து எழுத, அவர்கள் இவரைப் பார்த்து எழுத! அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

தையல்காரி அன்றே கண்ணாடியோடு போனாள். இப்போது அதே கடையில் அவள்தான் கை வேலைக்குத் தலைமை. அடுத்த கொள்கையில் வெள்ளெழுத்து ஏழாவது இடத்தில் வந்தது. தலைப்பு டாக்டர் அதைத் தடவித் தடவிப் படித்தார். தலைப்பை மாற்ற வேண்டிய வேலையே இல்லாததால் ஒரு வாரம் கை பரபரத்ததாம். மற்ற ஆஸ்பத்திரிகளிலோ, வெள்ளெழுத்துக்காகவே பிறந்தவர்கள் பதினோரு பேர் முளைத்துவிட்டார்கள்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். "இப்போ என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், கேட்பவர் யார் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தானே பதில் சொல்கிறீர்கள்? மாமனாருக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று?

என்னைக் கேட்காதீர்கள். நான் பூனைகளைப் பற்றித்தான் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பத்திரிகை ஆசிரியர், இது மருத்துவச் சிறப்பிதழ் என்றார்.