ஒழுக்கமான குரங்கு

இந்த வருஷம் எங்கள் ரம்புட்டான் மரத்துப் பழம் ஒன்றுகூட ஹேவாஹெட்டைக்குப் போகாது. ஹந்தானைக் குரங்கின் வாய்க்கும் போகாது. மரம் பிஞ்சு பிடித்த அன்று காலை, பற்பசை நுரையோடு நான் எடுத்த சபதம் இது. நுரையில் என் மனைவி கமலத்துக்குச் சரியாக விளங்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் எடுத்தேன்.

ஹேவாஹெட்டையில் இருப்பது கமலத்தின் தங்கச்சி வீடு. தங்கச்சி புருஷன், அதாவது என் சகலை வீரையா, போன வருஷம் எங்கள் பழத்தைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் புளிக்குதே சகல" என்றார். கூடையைக் காலி செய்த பிறகு சொன்னார். அன்றோடு அந்த வழிக்குப் போகிற பஸ்ஸின் முகத்தையே நான் பார்ப்பதில்லை.

குரங்குகளின் கதை வேறு. ஹந்தானை மலையிலிருந்து இறங்கி வருபவை லேசுப்பட்டவை அல்ல. ஒன்று என் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப்போய், கூரையில் உட்கார்ந்து, ஒழுங்காகக் காதில் மாட்டி என்னைப் பார்த்தது. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்பதுபோல் கழற்றிக் கீழே போட்டுவிட்டது. நம்பாதவர்கள் கமலத்தைக் கேட்கலாம். கேட்காமலிருந்தால் இன்னும் நல்லது.

விடிந்ததிலிருந்து தகரமும் தடியுமாக மரத்தடியில் உட்காருவதுதான் வழி என்றாள் கமலம். அப்படியானால் மார்க்கட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை என்னாவது? மாநகர சபைத் தண்ணீர்ப் பகுதியில் கிளாக்காக இருந்து பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து, அந்தக் கடை மேசையில் இருந்துதான் நான் இந்த நாட்டை நடத்தி வருகிறேன். நான் போகாவிட்டால் எதிர்க் கதிரைக் கணபதி நடத்துவான். நாடு தாங்காது.

காப்பாற்றியவன் பக்கத்து வீட்டு நபீல். திகனயில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் அவன் திரையில் பெரஹெரா ஊர்வல நேரத்துக் கண்டி நகரம் ஓடிக்கொண்டிருந்தது. வாகனமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு மூன்று ரூல்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். முன்னால் இடமிருந்தால் போ, இல்லாவிட்டால் நில், நின்றால் ஹோர்ன் அடி. அவ்வளவுதான். எல்லாப் புள்ளியையும் ஒன்றாக ஓடவிட்டால், எந்தச் சந்தி எப்போது அடைபடும் என்று திரையே காட்டிவிடுகிறது. சிமியூலேஷனாம். உலகத்தைப்போல ஒன்றைக் கம்பியூட்டருக்குள் செய்து, ஆயிரம் தரம் ஓட்டிப் பார்த்து, நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே தெரிந்துகொள்வது.

"குரங்கைப் போடலாமா?" என்று கேட்டேன்.

"பசிக்கிய எதையும் போடலாம் ஐயா," என்றான் நபீல்.

போட்டோம். திரையில் ஹந்தானைச் சரிவு, எங்கள் மரம், நபீலின் கொய்யா மரம், மேலே தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பக்கம் வாழைத்தோட்டம். குரங்குக்கு ஒரு புள்ளி. பசித்தால் கிட்டத்தில் இருக்கிற பழத்துக்குப் போ, பெரிய கடுவன் போகிற பக்கம் போ, தகரச் சத்தம் கேட்டால் ஓடு. ஆயிரம் தரம் ஓடி முடித்துக் கம்பியூட்டர் சொன்னது: மழை விட்ட மறுநாள், வெயில் ஏறினதும் வரும்.

வந்தன. அழைப்பிதழ் கொடுத்ததுபோல் வந்தன. நான் தகரத்தை அடித்த அடியில் ஓடிய குரங்குகள் மாத்தளைக்குப் போய்த்தான் மூச்சு விட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன். மற்ற நாளெல்லாம் நான் தேத்தண்ணிக் கடையில். நாடு பிழைத்தது.

கமலம் சும்மா இருப்பாளா? பந்தயம் கட்டினாள்.

"உங்க கம்பியூட்டர் இந்த மரத்தக் காப்பாத்திட்டா, இனி அந்தக் கடையப் பத்தி நான் வாய் தொறக்க மாட்டேன். பழம் கொறஞ்சுச்சுன்னா, தங்கச்சி புது வீடு குடிபோற அன்னைக்கு எங்கூட வரணும். அவங்க வீட்டுக்காரரோட உக்காந்து சிரிச்சுப் பேசணும்."

"சிரிச்சா?"

"பல்லுத் தெரிய."

எனக்கென்ன பயம்? ஒத்துக்கொண்டேன்.

பழம் சிவக்கச் சிவக்கக் குறையத் தொடங்கியது. குரங்கு தின்றால் அடையாளம் இருக்கும். பாதி கடித்து எறியும், கொப்பை முறிக்கும், தோலைக் கூரையில் போடும். இது எதுவும் இல்லை. தாழ்ந்த கொப்புகளில் மட்டும், நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து, காம்போடு நறுக்கென்று எடுத்திருந்தது. மரத்தடியைக் கூட்டியும் வைத்திருந்தது.

நபீல் மரத்தைச் சுற்றி வந்தான். "ஐயா, இது மிச்சம் ஒழுக்கமான கொரங்கா ஈக்கே."

அதையும் ஒரு தனிப் புள்ளியாகப் போட்டோம். கூட்டத்தோடு சேராது. உயரம் என் தோள் மட்டம். நான் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் வரும். நபீல் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு விக்கல் வந்தவன்போலத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

மத்தியானச் சாப்பாட்டில் கமலத்துக்கு விளக்கினேன். தனியாக வருகிற குரங்கு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வருகிறது என்றேன்.

"அப்ப பொண்ணாத்தான் இருக்கும்," என்றாள். "பாவம், புள்ளகுட்டிக்குக் கொண்டுபோகுதோ என்னவோ. இன்னுங் கொஞ்சம் சோறு போடவா? அடுத்த தடவ எப்ப வருதாம்?"

வெள்ளிக்கிழமை காலை என்றேன். வெள்ளிக்கிழமை, கடைக்குப் போகிறவன்போலக் குடையோடு புறப்பட்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்து, விறகுக் கொட்டிலுக்குள் ஒளிந்தேன். எறும்பு கடித்தது. அசையவில்லை. கதவு திறந்தது. கையில் ஆவி பறக்கும் பிளேன்டிக் கோப்பையோடு கமலம்.

"வெறும் வயித்துல ஒளிஞ்சிருக்காதீங்க," என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று குரங்கு வரவில்லை. மறுநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பி வரும்போது தாழ்ந்த கொப்புகள் மொட்டை.

பந்தயம் பந்தயம்தான். ஹேவாஹெட்டைக்குப் போனோம். புது வீட்டு வாசலில் வீரையா கதிரையைப் போட்டு உட்கார வைத்தார். முன்னால் ஒரு தட்டு நிறைய ரம்புட்டான். நான் ஒன்றை உரித்தேன். சதை கொட்டையில் ஒட்டாமல் கழன்று வந்தது. கண்டியைச் சுற்றி அப்படிக் கழன்று வருகிற மரம் ஒன்றுதான்.

"ஏது சகல, பழம்?"

"என்ன இப்புடிக் கேக்குறீங்க? மதினிதான் வாராவாரம் பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து விடுறாங்களே. போன வருஷம் நான் வாய்த் துடுக்கா ஒண்ணு சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க மனசு மாறிட்டீங்கன்னு மதினி சொன்னாங்க. தேன் சகல, தேன்."

கமலம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லுத் தெரியச் சிரித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், தலாத்துஓயா தாண்டும்வரை போன பழங்களுக்குக் கணக்குப் போட்டேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். நான் கடைக்குப் போகிற நேரம் இருக்கட்டும், கொட்டிலுக்குள் இருந்தது எப்படித் தெரியும்?

கமலம் போனைத் திறந்து காட்டினாள். அதே ஹந்தானைச் சரிவு. அதே மரம். எங்கள் வீடு, தேத்தண்ணிக் கடை, விறகுக் கொட்டில்.

"நபீல் தம்பிதான் எனக்கும் ஒண்ணு செஞ்சு தந்தாரு. உங்க அளவுக்குப் பெருசு இல்ல. இதுல ஒரே ஒரு கொரங்குதான்."

புள்ளி வீட்டுக்கும் கடைக்குமாக ஓடியது. ரூல் மூன்று இருப்பதாகச் சொன்னாள். பசித்தால் வீட்டுக்கு வரும், பசி ஆறினால் கடைக்குப் போகும். மூன்றாவதைச் சொல்ல மாட்டேன் என்றாள்.

"இப்ப என்ன நடக்குமாம்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பஸ்ஸ விட்டு எறங்கினதும் கோவத்துல நேரா கடைக்குப் போவீங்க. குசினிப் பக்கம் மட்டும் எட்டிப் பாக்க மாட்டீங்க. ஆயிரம் தரம் ஓட்டிப் பாத்துட்டேன்."

அப்படியா? நான் என்ன புள்ளியா? இறங்கினேன். கடை இருக்கிற திசையையே பார்க்கவில்லை. நேரே வீடு. நேரே குசினி அடுப்படி. கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் தொடாத கேத்தலைத் தொட்டேன். தண்ணீர் வைத்தேன், தேயிலை போட்டேன், இஞ்சி தட்டினேன். சிமியூலேஷனை உடைத்த வீரத்தில் இரண்டு கோப்பை ஊற்றினேன்.

கமலம் கதிரையில் சாய்ந்து, ஒன்றை வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள்.

"மூணாவது ரூல் இதுதான்," என்றாள். "நான் போகாதுன்னு சொன்ன பக்கம் போகும்."