மஃரிபுக்கு முன் கண்டுபிடித்த காந்தம்

பௌதிகவியலில் நானும் ஒரு மகத்தான கண்டுபிடிப்பைச் செய்திருக்கிறேன். அது பதினைந்து மணித்தியாலம் உயிரோடிருந்தது.

வெளிநாட்டில் ஆய்வு மாணவியாக இருந்த நான், நோன்புக்கு எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்திருந்தேன். மங்கனீசு கலந்த குறைகடத்தித் துண்டும் பெருங்காந்தமும் அங்கே ஆய்வுகூடக் குளிர்கலத்தின் கடுங்குளிரில். அவற்றை இணையவழி இயக்கும் மடிக்கணினி இங்கே சாப்பாட்டு மேசையில். காந்தப்புலம் ஒரு குறித்த அளவை எட்டும்போது, துண்டிலுள்ள இலத்திரன்கள் பக்கத்திலிருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தம் சுழற்சியை ஒரே திசைக்குத் திருப்பிக்கொள்ளும். குவாண்டம் ஹோல் அயக்காந்தம் என்பது அதுதான். (தொழுகைக்கு வரிசை சேர்வதுபோல என்று வாப்பாவுக்கு விளக்கியிருந்தேன்.) திரும்பியவை இலகுவில் மனம் மாறா. ஆகவே, புலத்தைக் கூட்டும்போது திரையில் வரும் மின்தடைக் கோடும் குறைக்கும்போது வரும் கோடும் பொருந்தாமல் இடைவெளி விடவேண்டும். அதை அம்மாதத்துக்குள் காட்டாவிட்டால் என் புலமைப்பரிசில் நின்றுவிடும்.

மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருந்தது. உம்மா கஞ்சிக் கோப்பைகளோடு வந்து நின்றார்.

“என்னகா, மேசைய விடமாட்டியா? கஞ்சிய எங்க வைக்கிற, உன்ட காந்தத்துலயா?”

“இன்னும் ரெண்டு மணித்தியாலம் வேணும் உம்மா.”

“பாங்கு உனக்காகக் காத்திருக்குமா புள்ள?”

காத்திராது. புலம் மாறும் வேகத்தை எட்டு மடங்காக்கினேன். பாங்குக்குச் சற்று முன்னர் திரையில் இரண்டு கோடுகள், நடுவே அழகான இடைவெளி! நான் கத்திய கத்தலில் ஒரு கோப்பை உடைந்தது. பேராசிரியருக்கு மூன்று ஆச்சரியக்குறிகளுடன் மின்னஞ்சல் பறந்தது. வாப்பா பள்ளிவாசலில் சொன்னார். மறுநாள் காலை ஒன்பது மணியளவில், ராத்தாவின் (அக்காவின்) கணவர், என் மச்சான், என் முகம் அச்சிட்ட வாழ்த்துப் பதாகையோடு சந்தியில் ஏணி வைத்தார். அப்போதுதான் பேராசிரியரின் பதில் வந்தது: வேகத்தைக் குறைத்துப் பார்த்தீர்களா?

இடைவெளி வந்த பகுதியை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாதுவாகப் படுத்துக்கொண்டன. புலம் ஓடிய ஓட்டத்தில் அளவுக்கருவி பின்தங்கியிருக்கிறது. அந்தப் பின்தங்கலுக்குத்தான் நான் அயக்காந்தம் என்று பெயர் வைத்திருந்தேன். சந்திக்கு ஓடினேன்.

“மச்சான், அதக் கழட்டுங்க.”

“நான் இன்னும் ஏணியால எறங்கவே இல்லியே புள்ள!”

பிழையை ஒளிக்காமல் எழுதினேன். ஒட்டிய கோடுகளில், இலத்திரன்கள் திரும்பும் இடத்தைக் காட்டும் சிறு கூர்முனை ஒன்று மிஞ்சியிருந்தது. அதை நம்பிப் பேராசிரியர் புலமைப்பரிசிலை மூன்று மாதம் நீட்டித்துத் தந்தார். (மேலும் குளிராக்கி அளந்தபோது இடைவெளி மெய்யாகவே வந்தது. ஊரில் எவரிடமும் மூச்சுவிடவில்லை.) பதாகை இறங்கிய அன்று மாலை வாப்பா பள்ளிவாசலில் மறுபடி எழுந்தாராம்: “என்ட மகள் பிழையையும் கண்டுபுடிச்சிட்டா.”

இப்போதும் பெருநாளுக்கு முந்திய மாலையில் கடற்கரையில் எவராவது “பிறை தெரியிது!” என்று கூவினால், மச்சான் என்னைப் பார்க்காமலே சொல்வார்:

“ஆறுதலா இன்னொருக்காப் பாருங்க. அவசரத்துல கண்டுபுடிக்கிறதுக்கு எங்கட வீட்டுல ஆள் இரிக்கி.”