எட்டடிக் கயிறு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும், மீன்களைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், மீன்குஞ்சு வாங்கப் போன இடத்தில் உங்களுக்குக் கொடுத்த அறையில் மின்விசிறி ஓடுகிறதா என்பதையும் அறிய ஆவல். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் மாமியாரின் காது என் தோளுக்கு வந்துவிடுகிறது. கடிதம் என்றால் அவள் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும், அதற்குள் உறையை ஒட்டிவிடலாம்.

பதினைந்து நாளுக்கு முன் விடிகாலையில் ஆற்றில் உங்கள் பன்னிரண்டு கூண்டு மீன்களும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. படகுக்காரன் நெட்டையன்தான் விஷம் கலந்தான் என்று நீங்கள் புகார் எழுதிக் கொடுத்தீர்கள், அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சாட்சி சொன்னது நான். "ஒரு நாள் விடியக்காலையில வந்து பாருங்க, ஒரு மீன்கூட மிஞ்சாது" என்று அவன் உங்களிடம் சொன்னபோது பக்கத்தில் நின்றேன், அதை ஒரு எழுத்துக் குறையாமல் போலீசிடம் ஒப்பித்தேன். உங்கள் கூண்டுகள் அவன் படகு வழியை மறிப்பதால் வந்த வன்மம் என்று நீங்கள் சொன்னதற்கும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். மாப்பிள்ளை, அவன் மிரட்டவில்லை, எச்சரித்தான். அந்த ஆற்றை விடியலில் பார்த்தவன் அவன் ஒருவன்தான். நான் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷம் அதன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியவன் நான், ஆனாலும் பார்த்ததே இல்லை. எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

வேலையில் சேர்ந்த அன்று ஒரு வாளியும் ஒரு கயிறும் கொடுத்தார்கள். கயிறு எட்டடி. படகுத்துறைச் சுவரிலிருந்து, கடல் தண்ணீர் ஏறி நிற்கும்போது ஆறு ஐந்தடி ஆழத்தில் இருக்கும், இறங்கிவிட்டால் பதிமூன்று அடி. இறங்கிய நேரத்தில் வாளியை விட்டால் அது பாதி வழியில் தொங்கும், தண்ணீருக்குப் போகாது. நீளமான கயிறு கேட்டு மனுப் போட்டேன். பழைய கயிறு அறுந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அது அறுந்ததே இல்லை, அரசாங்கச் சாமான்களில் அப்படி உழைத்தது அது ஒன்றுதான். என்ன செய்ய, காலண்டரில் தண்ணீர் பதினோரு மணிக்கு ஏறும் நாட்களாகப் பார்த்து வட்டம் போட்டேன், அந்த நாட்களில் மட்டும் எடுத்தேன். சுவர் ஓரத்தில் குனியும்போது நான் விழுந்துவிடாமல் நெட்டையன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வான், ஒரு நாளும் காசு கேட்டதில்லை. "சார், இறங்குறப்ப வந்து பாருங்க, பச்சைப் பாசி போர்வை கணக்கா நிக்குது, மீனு வாயைத் தொறந்து மேல வந்து மூச்சு வாங்குது" என்பான். "கயிறு எட்டாதுய்யா" என்பேன். ஆக நான் பிடித்தது ஆறே இல்லை, வந்துவிட்டுத் திரும்பும் கடல். அதற்குத்தான் இருபத்திரண்டு வருஷமாக 'மிக நன்று' என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கைகளைத்தான் நீங்கள் "ஆத்துத் தண்ணி எப்படி மாமா?" என்று கேட்டபோது கட்டுக் கட்டாக எடுத்துப் பெருமையாகக் காட்டினேன். நீங்களும் அதை நம்பி நல்ல வேலையை விட்டுவிட்டு ஆற்றில் கூண்டு போட்டீர்கள்.

அவனைப் பிடித்துப்போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி தினமும் காலையில் வந்து நம் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள், "சார் சொன்னா கேப்பாங்களாமே" என்று ஒரே வார்த்தை, பிறகு போய்விடுகிறாள். நேற்று விடிகாலையில் உங்கள் மாமியாரின் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து ஓய்வு பெற்ற பிறகும் யாரும் திருப்பிக் கேட்காத அந்த எட்டடியோடு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாளி முதல் தடவையாக அடியில் போய்த் தண்ணீரைத் தொட்டது. மேலே வந்த நாற்றத்தை உங்களுக்கு எழுதக் கூடாது, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஆய்வுக்கூடத்து அம்மாவிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இது எந்தச் சாக்கடை சார்?" என்றார்.

"நம்ம ஆறுதாம்மா" என்றேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்: மேலே வயல்களில் போடும் உரமும் கோழிப்பண்ணைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து ஆற்றுக்கு வேண்டாத தீனி போடுகின்றன, அதைத் தின்று பாசி பெருகுகிறது, இரவெல்லாம் அந்தப் பாசியும் மக்கிய பாசியும் தண்ணீரில் இருக்கிற மூச்சுக்காற்றை உறிஞ்சிவிடுகின்றன, விடியலில் தண்ணீரும் இறங்கிவிட்டால் மீனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. கூண்டில் இல்லாத மீன் தப்பித்து ஓடும். நம் மீன் எங்கே ஓடும்? விஷம் வைக்க யாருமே வேண்டாம் மாப்பிள்ளை, ஊரே வைத்திருக்கிறது. இதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள் என்று கேட்டேன். "கொடிக்கயிறுன்னு எப்படி சார் எழுதுறது? ரூல்ல இல்லையே" என்று பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

ஆகையால் உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். குஞ்சு வாங்க வேண்டாம். புகாரைத் திரும்பப் பெறுங்கள். ஸ்டேஷனில் நான் வந்து, என் கையெழுத்துள்ள அறிக்கை அத்தனையும் பொய் என்று எழுதிக் கொடுக்கிறேன். பென்ஷன் போனால் போகட்டும், நெட்டையன் வெளியே வரட்டும். இதைச் சொல்லும்போதுதான் இரண்டு வாரத்தில் முதல் முறையாக நெஞ்சு லேசாகிறது.

என் மகளுக்கு என் ஆசிகள். அவள் உங்கள் மேல் கோபப்பட்டால் அது என் மேல் பட வேண்டிய கோபம் என்று சொல்லுங்கள். இருவரும் நீண்ட ஆயுளோடு, ஆறில்லாத ஊராகப் பார்த்துக் குடியிருந்து வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், ஆபீஸ் ஜீப் வந்துவிட்டது. வழக்குக்கு ஆற்றுநீர் அறிக்கை வேண்டுமாம். ஆறு நல்ல ஆறு என்று ஆனால்தான் மீனைக் கொன்றது விஷம் என்று ஆகுமாம். நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு இன்னும் ஆள் போடாததால் என்னையே கூப்பிட்டார்கள். கொடிக்கயிற்றைக் கையில் எடுத்தேன், ஆபீஸ் கொடுத்த எட்டடிக் கயிறுதான் செல்லும் என்றார் அதிகாரி. மணி பதினொன்று, தண்ணீர் ஏறி நின்றது. இறங்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இத்தனை வருஷமா எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டார். "இந்த நேரத்துலதான்" என்றேன். வாளியை இறக்கினேன். எடுத்தேன், கையெழுத்தும் போட்டேன். சாயங்காலம் முடிவு வந்தது, மிக நன்று. எனவே மேலே எழுதியதெல்லாம் ஒரு கிழவனின் உளறல், படித்ததும் கிழித்துவிடவும். குஞ்சு வாங்கலாம். இடம் காட்ட நெட்டையனையும் போலீசார் அழைத்து வந்திருந்தார்கள். நான் குனிந்தபோது வழக்கம்போலப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நல்லவேளை சார், உங்களையே வரச் சொன்னாங்க" என்றான்.