தரை சரியென்றால் சூப்பும் சரி

"வேலைக்கு வந்தவங்க பின்பக்கமா வரணும்," என்றாள் வாசலில் நின்ற பரிமாறும் பெண்.

"நான் சாப்பிட வந்தேம்மா," என்றார் டைல்ஸ்காரர்.

அவள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். காதில் பென்சில். தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து ரசமட்டம் எட்டிப் பார்த்தது. முழங்காலில் காய்ந்த சிமெண்ட். பார்த்து முடித்துவிட்டு, "பின்பக்கம்," என்றாள் மறுபடி, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல மெதுவாக.

அவரும் போனார். இத்தனை வருட வேலையில் அவர் முன்வாசல் வழியாக நுழைந்த கட்டடமெல்லாம் இன்னும் கதவு வைக்காத கட்டடங்கள்தான். கதவு வைத்த பிறகு எவரும் அவரை அந்த வழியாக விட்டதில்லை.

பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடம். "நல்லவேளை வந்தீங்க," என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தொட்டிக்குக் கீழே பெயர்ந்து கிடந்த டைலைக் காட்டினார். பெயர்ந்த டைலைப் பார்த்தால் டைல்ஸ்காரருக்கு வாய் வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். ஒட்டி, துடைத்து, யாரும் இன்றைக்கு இதை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பசியோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

"வியட்நாம் சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"டைல் நல்லா ஒட்டிக்கிச்சு," என்றார்.

இந்த வினை அவர் வாயாலேயே வந்தது. போன வாரம் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில், "எங்கம்மா வெளியில எங்கயும் சாப்பிட மாட்டாங்க அங்கிள். எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு குறை கண்டுபிடிப்பாங்க. வியட்நாம் சாப்பாடுன்னா மட்டும் கொஞ்சம் இறங்கி வருவாங்க. உங்களுக்குப் பிடிக்குமா?" என்றான்.

பையன் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "உயிர்," என்றார் டைல்ஸ்காரர். பின்னால் நின்ற மனைவிக்கு டீ புரையேறியது.

மறுநாளே சம்பந்தியம்மாளிடமிருந்து சேதி வந்துவிட்டது. "அப்ப இடத்தை அவரே சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து சாப்பிடலாம். ஒருத்தர் எந்தக் கடையில கை நனைக்கிறார்னு பார்த்தா போதும், அந்தக் குடும்பத்தைப் பத்தித் தனியா விசாரிக்க வேண்டியதில்ல."

மகள் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அவங்க பெரிய ஆபீசர்ப்பா. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா இவர் மீறி வர மாட்டார். ஒரே ஒரு நல்ல கடைப்பா. வேற ஒண்ணும் கேக்கல."

பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்துக்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது இதுதான். அதுவும் அவருக்குத் தெரியாத விஷயமாகப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

வேலை நடக்கிற இடத்தில் குழாய் வேலை பார்க்கிற சிநேகிதரிடம் யோசனை கேட்டார்.

"என்னைக் கேக்காதே," என்றார் குழாய்க்காரர். "நான் இந்த ஊர்க் கடை எல்லாத்தோட சாக்கடையையும் பார்த்தவன். எனக்கு வீட்டுச் சோறே சிரமப்பட்டுத்தான் இறங்குது."

"நல்ல வியட்நாம் கடைன்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"சூப்பை வச்சுத்தான். உனக்கு சூப் தெரியுமா?"

"தெரியாது."

"வேற என்னதான் தெரியும்?"

"தரை தெரியும்."

குழாய்க்காரர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். "அப்ப தரையைப் பாரு. தரையில ஏமாத்துறவன் சூப்பில மட்டும் நாணயமாவா இருப்பான்?"

டைல்ஸ்காரருக்கு மனசு லேசாகிவிட்டது. தனக்குத் தெரிந்த பாஷையில் ஒருவர் பேசி இப்போதுதான் கேட்கிறார்.

உடையை மனைவி பார்த்துக்கொண்டாள். "சிமெண்ட் துணியோட போனா திரும்பவும் பின்பக்கம்தான்," என்று சொல்லி, வெள்ளை முழுக்கைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். கறுப்புப் பேண்ட். மெருகேற்றிய செருப்பு. கட்டடத்துக் காவலாளியிடம் காட்டுகிற போட்டோ போட்ட பாஸ் கழுத்தில் தொங்கியதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கழற்றவில்லை. அது கழுத்தில் இருப்பதே அவருக்கு மறந்து வெகு காலம் ஆகிறது.

அடுத்த கடையில் முன்வாசல் வழியாகவே விட்டார்கள். உட்கார்ந்தார். மேசைக்குக் கீழே குனிந்து, விரல் முட்டியால் தரையைத் தட்டினார். நகர்ந்து இன்னொரு இடத்தில் தட்டினார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்து, கண்ணைச் சுருக்கிக் குமிழியைப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது கடைக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சார் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொல்லிட்டு வந்தா உண்மை தெரியாதே," என்றார் டைல்ஸ்காரர்.

கடைக்காரர் தோள் துண்டை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இங்க அடியில பொள்ளலா இருக்கு," என்று டைல்ஸ்காரர் காலால் காட்டினார். "தண்ணி இறங்கியிருக்கும். கிச்சன் எந்தப் பக்கம்?"

"கிச்சன் சுத்தமா இருக்கு சார். எண்ணெயெல்லாம் தினமும் மாத்துறோம் சார்."

எண்ணெயைப் பற்றி யார் கேட்டது என்று டைல்ஸ்காரருக்குப் புரியவில்லை. சரி, கடைக்காரர் பேச்சுப் பிரியர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்க சூப் வந்தது. உள்ளே மெல்லிசாக அரிசி நூடுல்ஸ், கறித் துண்டுகள். தனித் தட்டில் ஒரு குவியல் பச்சை இலை. அந்த இலையை என்ன செய்வது என்று தெரியாததால் முதலில் அதை முழுவதும் மென்று தின்றார். கடைக்காரர் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு தட்டு இலை கொண்டுவரச் சொன்னார். பிறகு கண்ணாடி மாதிரி மெல்லிய அரிசித்தாளில் சுருட்டிய ரோல்கள், தொட்டுக்கொள்ள மீன் சாஸ். எல்லாமே அமிர்தமாக இருந்தது.

பில் கேட்டால், "உங்களுக்கு எதுக்கு சார் பில்," என்றார்கள். பணத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கையில் திணித்த பார்சலை வீட்டில் பிரித்தபோது, அந்தப் பணம் ரோலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"உங்க மூஞ்சிக்கு எவன் சும்மா குடுப்பான்?" என்றாள் மனைவி, ரோலைக் கடித்தபடி.

"வியட்நாம் சமையல்காரங்க எல்லாம் தங்கமான மனுஷங்க போல."

"தங்கமோ பித்தளையோ, ருசியா இருக்கு. இதையே முடிவு பண்ணிடுங்க."

"தரை பொள்ளலா இருக்கேடி."

அடுத்த கடைக்குப் போனார். அங்கே வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் புதுத் தொப்பி. தரை அப்போதுதான் கழுவிய ஈரத்தில் மின்னியது. அவர் கேட்காமலேயே குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார்கள். அவர் உள்ளே பார்த்து, "ம்," என்றார். வேறென்ன சொல்ல என்று தெரியவில்லை. அந்த ஒரு 'ம்'முக்கு இரண்டு பேர் ஓடிப்போய் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து அடுக்க ஆரம்பித்தார்கள்.

அதற்கடுத்த கடையில் அவர் இன்னும் தெருமுனையில் வரும்போதே யாரோ உள்ளே ஓடியது தெரிந்தது. மேசையில் சூப் தயாராக இருந்தது. சமையல்காரர் தன் நகங்களை நீட்டிக் காண்பித்தார். டைல்ஸ்காரரும் மரியாதைக்குத் தன் நகங்களைக் காண்பித்தார். சிமெண்ட் ஏறிய நகங்கள். சமையல்காரர் குழம்பிப்போய், "சரிங்க சார்," என்றார்.

வீட்டில் பார்சல் சேர்ந்துகொண்டே போனது. எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மனைவி கொடுத்துவிட்டாள். டைல்ஸ்காரருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

"எல்லாக் கடையிலயும் தரை பளபளன்னு இருக்கு," என்று குழாய்க்காரரிடம் புலம்பினார். "எல்லாக் கடையிலயும் சூப் ஒண்ணையொண்ணு தூக்கிச் சாப்பிடுது. எல்லாருமே என்னைப் பார்த்தா எழுந்து நிக்கிறாங்க. இதுல எதைன்னு எடுக்கிறது?"

"எழுந்து நிக்கிறாங்களா? உன்னைப் பார்த்தா?"

"ஆமா."

"என்னைப் பார்த்தா கதவைத்தான் சாத்துவாங்க," என்றார் குழாய்க்காரர். "எனக்கு ஒண்ணும் விளங்கல. உன் கையால வேலை செஞ்ச தரை எங்கயாவது இருந்தா அதையே எடுத்துக்க. அதுக்காவது நீ பொறுப்பு."

அப்படித்தான் டைல்ஸ்காரர் முதல் கடைக்கே திரும்பிப் போனார், இந்தத் தடவை வெள்ளைச் சட்டையில். வாசலில் அதே பரிமாறும் பெண். அவள் பார்வை கழுத்துப் பாஸில் விழுந்ததும், சட்டென்று வழிவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டாள். அப்புறம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே சார்."

"பின்பக்கம்," என்றார் டைல்ஸ்காரர்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் நேரே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய், குனிந்து, தான் ஒட்டிய டைலைத் தட்டினார். கல்லைத் தட்டின மாதிரி கெட்டியாகக் கேட்டது. மனம் நிறைந்துவிட்டது. சூப்பைக் குடித்துப் பார்த்தார். அதுவும் சரி. கிளம்பும்போது முதலாளியைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மறுபடி வரேன். என்கூட ஒரு அம்மாவும் வருவாங்க. அவங்க என்னை மாதிரி இல்ல, ரொம்பக் கறாரு. ஒரு குறை கண்டா அவ்வளவுதான், எல்லாம் போச்சு. பார்த்துச் செய்யுங்க."

முதலாளி அப்போதே துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.

ஞாயிறும் வந்தது. மகள் அப்பாவின் கழுத்திலிருந்த பாஸைப் பார்த்து, "இது எதுக்குப்பா?" என்று கழற்றி வைத்தாள். மனைவியும் சேர்த்து மூவருமாகக் கொஞ்சம் முன்னதாகவே போனார்கள்.

கடையில் ஏதோ மாறியிருந்தது. முதலாளி எழுந்து நிற்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே வெறித்துப் பார்த்தார். புதுத் தொப்பி எதையும் காணோம். பரிமாறும் பெண் மட்டும் வாசலுக்கு வந்தாள்.

"வாங்க," என்றாள். "இன்னைக்கு முன்பக்கமாவே வந்துட்டீங்க."

"நீதானேம்மா அன்னைக்கு..."

"ஞாபகம் வந்துடுச்சு. முழங்காலெல்லாம் சிமெண்ட், காதுல பென்சில். நல்லா ஞாபகம் வந்துடுச்சு. உக்காருங்க. எங்கயும் எழுந்து போயிடாதீங்க." சொல்லிவிட்டு வாசலை மறித்தாற்போல நின்றுகொண்டாள். கையில் ஒரு விசிட்டிங் கார்டையும் போனையும் வைத்திருந்தாள்.

"பாத்தியா மரியாதையை," என்று டைல்ஸ்காரர் மனைவியிடம் கிசுகிசுத்தார். படபடப்பில் கை தானாகக் கீழே போய்த் தரையைத் தட்டியது. டொக், டொக். பரிமாறும் பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, கையை மேல வைங்க," என்றாள் மகள்.

பையனும் சம்பந்தியம்மாளும் வந்தார்கள். இறுக்கிக் கட்டிய தலைமுடி, தட்டையான செருப்பு. உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாள் முதலில் பார்த்தது மனிதர்களை அல்ல, தரையை. பிறகு மூலை. பிறகு கூரை. அதற்குப் பிறகுதான் கை கூப்பினாள். டைல்ஸ்காரருக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று. தரையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கிற ஒருத்தரை அவர் இத்தனை நாளும் கண்ணாடியில்தான் பார்த்திருந்தார்.

"இன்னைக்கும் சுத்தமா இருக்கு," என்றாள் சம்பந்தியம்மாள், உட்கார்ந்தபடி. "நல்ல இடமாத்தான் சொல்லியிருக்கீங்க. நான் இவ்வளவு எதிர்பார்க்கல."

"ஊர்ல இருக்கிற வியட்நாம் கடை எல்லாம் ஏறி இறங்கிட்டேங்க," என்றார் டைல்ஸ்காரர்.

"நானும்தான். இந்த வாரம் முழுக்க எனக்கும் அதே அலைச்சல். ஆபீஸ் விஷயமா." அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "பரவாயில்ல, ஒரு வேளை சோத்துக்கு இவ்வளவு மெனக்கெடுறவர் பொண்ணை எப்படி வளர்த்திருப்பார்னு கேக்கவே வேண்டாம். எனக்குத் திருப்தி. தேதியைப் பேசிடலாமா?"

மகள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். மனைவி, கண்ணில் நீர் முட்டியதைச் சூப்பின் ஆவி என்று காட்டிக்கொள்ள நினைத்து, சூப் இன்னும் வரவில்லை என்பதைக் கவனித்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். டைல்ஸ்காரருக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை.

அந்த நேரத்தில் பரிமாறும் பெண் தண்ணீர்த் தம்ளரோடு வந்தாள். தம்ளரைச் சம்பந்தியம்மாளின் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே அந்தக் கார்டையும் வைத்தாள். குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மேடம், உங்க ஆபீஸ் சுகாதார இன்ஸ்பெக்டர் மாதிரியே வந்து, தரையைத் தட்டிக் காட்டி, கடை கடையா ஓசியில சாப்பிட்டுப் போற ஆள் மறுபடி வந்தா உடனே போன் பண்ணச் சொல்லி, நேத்து இந்தக் கார்டைக் குடுத்தீங்களே... இனி போன் வேண்டாம்தானே?"