பின்னறையும் மறுபக்கப் பாட்டும்

உயிரே போனாலும் பின்னறையை விடுவதில்லை என்று கிளைவ் ஆஷ்வொர்த் முடிவு கட்டிவிட்டான். இங்கிலாந்தின் ரோச்டேலில் அவன் வீட்டு மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் அவனும் மனைவி டோரீனும் படுத்தார்கள். பின்னறையில் அவனுடைய 'சோல்' பாட்டு ரெக்கார்டுகள், அதாவது அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய ஆட்டப் பாட்டுகள், படுத்திருந்தன. எல்லாம் சின்னத் தட்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் எந்தக் காலத்திலோ இழுத்து மூடிய கம்பெனிகள் போட்டவை. வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே ஹீட்டரும் அங்கேதான் இருந்தது. ரெக்கார்டுக்குக் குளிர் ஆகாதாம்.

அந்த அறை டோரீனுக்கு வேண்டும். சோல் நடனத்துக்குப் பெண்கள் போடுகிற அகலப் பாவாடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு சுற்று சுற்றினால் குடை மாதிரி விரியும். ஆனால் அத்தனை பெரிய வட்டத்தை விரித்து வெட்ட இடம் வேண்டாமா? சமையலறை மேஜையில் வெட்டப் போய், பாவாடையில் வறுத்த மீன் வாசனை அடிக்கிறது என்று ஒருத்தி திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே டோரீன் பின்னறைக்குள் படையெடுத்தாள்.

"இதோ பாரு. இது ஓடெல் பிரைஸ், 'கதவைத் தட்டாதே'. இதுவும் ஓடெல் பிரைஸ், 'கதவைத் தட்டாதே'. ஒரே ஆளு, ஒரே பாட்டு, ஒரே பச்சை லேபிள். எதுக்கு ரெண்டு?"

"திருப்பிப் பாரு கண்ணு. இதுக்குப் பின்னாடி வெறும் வாத்தியம். அதுக்குப் பின்னாடி வேற பாட்டு! கம்பெனிக்காரன் கொஞ்ச நாள் அதைப் போட்டு வித்துட்டு நிறுத்திட்டான். இங்கிலாந்து பூரா சல்லடை போட்டாலும் இன்னொண்ணு கிடைக்காது."

"அப்படியா! எப்படி இருக்கும் அந்தப் பாட்டு?"

கிளைவ் ஜன்னல் பக்கம் பார்த்தான். "தெரியாது."

"தெரியாதா?"

"ஊசி பட்டா தேயும் டோரீன்! இது கேட்கறதுக்கு இல்ல, வச்சிருக்கறதுக்கு."

"அப்ப நானும் பாவாடை வாங்க வர்றவங்ககிட்ட, போட்டுக்காதீங்க, பொட்டியில வச்சுப் பாருங்கன்னு சொல்லட்டுமா?"

"அது வேற, இது வேற. பின்னறை வேணும்னா என் பொணத்து மேலதான்."

"பொணத்துக்கு அவ்வளவு இடம் வேண்டாமே," என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள். தன் வாயால் ஒரு பெண்பிள்ளையை விரட்டிவிட்ட பெருமையில் கிளைவ் அன்று கறி அடைத்த பப்ஸ் இரண்டு தின்றான். பாவம், ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ரயில்வே கிளப்பில் சோல் இரவு. தரையில் பவுடர் தூவி, வழுக்கி வழுக்கி ஆடுவார்கள். பாட்டுப் போடுகிறவன் ஏர்னி. அங்கே கிளைவுக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு தடவை கேட்ட பாட்டாக இருந்தால் போதும், ஊசி விழுந்த மாத்திரத்தில் பாடகன், கம்பெனி, ஊர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். சந்தேகம் வந்தால் ஏர்னியே மேடையிலிருந்து இறங்கி அவனிடம்தான் கேட்பான். கிளைவ் பீர் குடித்து முடித்துவிட்டு நிதானமாகப் பதில் சொல்வான்.

அன்றைக்கு ஏர்னி ஒரு தட்டை உயர்த்திக் காட்டினான். லேபிளை மறைத்து வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதில் 'மிஸ்டர் மெல்லோ' என்று கிறுக்கியிருந்தது. அது பொய்ப் பெயர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அரிய ரெக்கார்டு வைத்திருப்பவர்கள், மற்றவன் மோப்பம் பிடித்துப் போய் வாங்கிவிடாதபடி இப்படித்தான் மூடுவார்கள். அடுத்தவர் ஒட்டிய தாளைக் கிழிப்பது தேவாலயத்து உண்டியலை உடைப்பதற்குச் சமம்.

ஊசி விழுந்தது. ஐயோ, என்ன குரல்! கூட்டம் கூரையைப் பெயர்த்தது. வயசான கால்களெல்லாம் பறந்தன. ஆடி முடித்து வியர்வையோடு பத்துப் பேர் கிளைவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கிளைவ், யாருப்பா இது?"

கிளைவுக்குத் தெரியவில்லை. ஜென்மத்தில் கேட்டதில்லை. "தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று சமாளித்துவிட்டு, ஏர்னியைக் கழிவறை வாசலில் மடக்கினான்.

"ஏர்னி, எனக்கு மட்டும் சொல்லு. யாரோடது?"

"மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க, கிளைவ். அதான் உனக்குத் தெரியும்ன்னியே?"

"தெரியும்தான். நீ சரியாச் சொல்றியான்னு பார்த்தேன்."

மறுநாள் காலை ரொட்டி கருகியதுகூடத் தெரியாமல் கிளைவ் உட்கார்ந்திருந்தான். அடுத்த மாதம் மறுபடி கேட்பார்கள். அதற்குள் தெரியவில்லை என்றால் கிளப்பில் தலைகாட்ட முடியாது. மானம் போய்விடும். இருக்கிற ஒரே மானம் அதுதான்.

"அந்த மிஸ்டர் மெல்லோவா?" என்றாள் டோரீன், தேநீர் ஊற்றிக்கொண்டே. "யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். பாவாடை தைக்க வர்றவங்க என்னெல்லாமோ பேசுவாங்க. கேட்டா உனக்கே வாங்கித் தரேன்."

"டோரீன்! கண்ணு! என்ன வேணா கேளு!"

"பின்னறை."

கிளைவ் யோசித்தான். மூளை மின்னலாக வேலை செய்தது. ரெக்கார்டு கைக்கு வரட்டும். பெட்டிகளைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, அப்புறம் அங்கே ஈரம், தட்டெல்லாம் வளைகிறது என்று ஒரு பாட்டம் அழுதால் அறை தானாகத் திரும்பி வரும். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வெள்ளை மனசு என்று அவனுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

"சரி, எடுத்துக்கோ," என்றான் பெருந்தன்மையாக.

"முதல்ல அறை. அப்புறம் ரெக்கார்டு."

அன்று முழுக்கப் பெட்டி பெட்டியாகப் படிக்கட்டுக்கு அடியில் இறக்கினான். அலமாரியைப் பிரித்தான். வெட்டுகிற பெரிய மேஜையை மாடிக்கு ஏற்றினான். அதன் கால்களைத் தரையோடு சேர்த்துத் திருகாணி போடச் சொன்னாள். போட்டான். இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் டோரீன் ஒரு உறையை நீட்டினாள்.

"இந்தா, உன்னுது. தாளையும் நீயே பிரிச்சுக்கோ."

ஓரத்தை நகத்தால் நெம்பினான். வெள்ளைத் தாள் உரிந்தது. உள்ளே பச்சை லேபிள். ஓடெல் பிரைஸ். திருப்பினான். 'கதவைத் தட்டாதே'.

கிளைவ் உட்கார நாற்காலி தேடினான். அறையில் நாற்காலியும் இல்லை.

"இது... இது என்னுதுடி!"

"உன்னுதுன்னு சொல்லித்தானே கொடுத்தேன்."

"என் உறை அலமாரியில அப்படியேதானே இருந்தது!"

"அதுக்குள்ள என் அட்டை இருக்கு, வட்டமா வெட்டினது. நீதான் தேயும்னு தொடவே மாட்டியே. பின்பக்கம் நல்ல பாட்டு கிளைவ், சும்மா கிடந்துச்சு. அதான் ஒரு தாளை ஒட்டி ஏர்னிகிட்ட கொடுத்தேன்."

"ஏமாத்து வேலை! பேரம் செல்லாது! என் ரெக்கார்டுக்கு நான் எதுக்கு அறை தரணும்? இதைச் சும்மா விடமாட்டேன்!"

"விடாதே," என்றாள் டோரீன், நீலத் துணியை மேஜையில் உதறி விரித்தபடி. "நேரா கிளப்புக்குப் போ. ஏர்னி இருப்பான், எல்லாரும் இருப்பாங்க. என் ரெக்கார்டையே எனக்கு அடையாளம் தெரியலை, நீங்கதான் நியாயம் சொல்லணும்னு கேளு."

கிளைவ் மாடிப்படி வரை போனான். கிளப்பில் எழப்போகும் சிரிப்புச் சத்தம் இப்போதே காதில் விழுந்தது. திரும்பி வந்தான்.

"போகலையா? சரி, அப்ப அந்த முனையை இழுத்துப் பிடி. கொஞ்சம் நேரா."

நேராகப் பிடித்தான்.