என் விமானத்தில் பெட்டி அசையாது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், ஷெட்டில் நிற்கும் விமானம் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகள் சின்னவளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீங்கள் மாப்பிள்ளையாக வந்து சாப்பிட்டீர்கள். கை கழுவியதும் விமானப் பரிசோதகராக மாறி, டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியுமாக ஷெட்டுக்குள் நுழைந்தீர்கள். ஆறு வருஷம் நான் என் கையால் கட்டியதில் இறக்கை, வால், எஞ்சின் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, கடைசியில் சிவப்பு மையில் எழுதினீர்கள்: "சாமான் கட்டும் ஏற்பாடு போதாது. சரிசெய்யும்வரை ஒரு கைப்பையைக்கூட ஏற்றிப் பறக்கக் கூடாது." அந்த வரி என் வீட்டில் என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மாமியார் அதைப் படித்துவிட்டு, "பெட்டி இல்லாம நான் எங்கயும் வரமாட்டேன். பெட்டி வந்து மண்டையில விழுற வண்டியிலயும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் பெட்டியில் துணிமணி மட்டுமில்லை, இஸ்திரிப் பெட்டியும் இருக்கிறது. உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடாவதே இல்லை என்பது அவள் கட்சி. நான் ஆறு வருஷம் அந்த ஷெட்டில் கிடந்தது ஒரே ஒரு ஆசைக்காக: அவளைப் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்து உங்கள் ஊருக்குப் பறந்து வர வேண்டும். அது இப்போது உங்கள் சிவப்பு மையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

சாமானை மூடிக் கட்டுகிற கம்பெனி வலை ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னீர்கள். அதன் விலையைப் பார்த்தேன். அந்த வலையை விமானத்தில் கட்டுவதா, பீரோவில் வைத்துப் பூட்டுவதா என்று எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. மலிவாகச் செய்ய எத்தனையோ வழி இருக்கிறது, நாலு வழியை நானே செய்து பார்த்துவிட்டேன். பறக்கக் கூடாது என்றுதான் எழுதினீர்கள், உருட்டக் கூடாது என்று எழுதவில்லை, ஆகவே எல்லாச் சோதனையும் ஓடுதளத்தில், தரையில்தான் நடந்தது. முதலில் ஸ்கூட்டரில் சாமான் கட்டுகிற, கொக்கி வைத்த ரப்பர் கயிறு. சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் பெட்டி எம்பியது, கயிறு இழுபட்டு விட்டுக்கொண்டது, கொக்கி என் காதோரமாகப் பறந்து போய் முன்கண்ணாடியில் நட்சத்திரம் போட்டது, ஆனால் காது பத்திரமாக இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடுத்து, எதிர்வீட்டு விளையாட்டு வாத்தியார் கொடுத்த பழைய வாலிபால் வலை. பெட்டியை அது கெட்டியாகத்தான் பிடித்தது, குடை மட்டும் ஒரு ஓட்டை வழியாக நழுவி வால் பக்கம் போய், வாலுக்குப் போகும் கம்பியின் குறுக்கே படுத்துக்கொண்டது, விமானம் ஓட்டும் கைப்பிடியை இழுத்தால் பாதிதான் வருகிறது. இதை வலையின் குற்றம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், குடையை அப்படி ஒல்லியாகச் செய்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, லாரியில் பாரம் ஏற்றும் என் சிநேகிதர், முடிச்சு என்று ஊரே கூப்பிடுகிற மனிதர், நைலான் கயிற்றால் கட்டிக்கொடுத்தார். பெட்டி இம்மியும் நகரவில்லை, முடிச்சு என் கைக்கு அவிழவும் இல்லை, கட்டியவர் கையோடு வெளியூருக்கு லோடு ஏற்றிப் போய்விட்டார், அவர் திரும்பி வந்து அவிழ்க்கும்வரை இஸ்திரிப் பெட்டி உள்ளே மாட்டிக்கொண்டதால் இரண்டு நாள் நான் கசங்கிய சட்டையோடு பேங்குக்கும் தபாலாபீசுக்கும் போய்வந்தேன்.

நாலாவதுதான் சரியான வழி. பழைய கார்களை உடைக்கிற கடையில் நாலு ஸீட் பெல்ட் வாங்கி, பெட்டியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, தரைப் பலகையில் திருகாணியால் முறுக்கிவிட்டேன். போனில் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, பெல்ட் நல்லதுதான். ஆனா பலகையில மாட்டாதீங்க, அடியில இருக்கிற இரும்புக் குழாயில மாட்டுங்க. பலகை கனத்தத் தாங்கும், இழுப்பத் தாங்காது." மாப்பிள்ளை, நான் பஸ் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் பிரேக் வேலை பார்த்தவன். இழுப்பு என்றால் என்னவென்று எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். அந்தப் பலகையை ஒட்டியதும் நான், தேய்த்ததும் நான், அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்ததும் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சோதனை. பெட்டியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். தரையில்தானே என்று உங்கள் மாமியாரும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல வேகத்தில் ஓடி, பட்டென்று பிரேக் அடித்தேன், அதுவும் மூன்று தடவை. எஞ்சினை அணைத்து இறங்கிப் போய்ப் பார்த்தால், பெட்டி கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் உங்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? வருகிற புதன்கிழமைக்குள் அந்தச் சிவப்பு வரியை அடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் மேலதிகாரிக்கு எழுதுவேன். அவரும் யாரோ ஒரு மாமனாருக்கு மாப்பிள்ளையாகத்தான் இருப்பார், ஆனாலும் எழுதுவேன்.

சின்னவளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் ஆசி உண்டு, அது கையெழுத்து வந்து சேர்ந்த பிறகு அமலுக்கு வரும்.

இப்படிக்கு,
ஓர் அடிகூடப் பின்வாங்காத
உங்கள் மாமனார்.

பி.கு.: வழக்கம்போல் பிழை பார்க்க இதை உங்கள் மாமியாரிடம் கொடுத்தேன். சாக்பீஸ் கோடு வரைக்கும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "மூணு தடவையும் அந்த பெல்ட்ட நான்தான் பிடிச்சிட்டிருந்தேன்" என்றாள். முதல் பிரேக்கிலேயே திருகாணி பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டதாம். இடது கையைப் பின்னால் விட்டு, கடைசி வரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கிறாள். நான் இறங்கிப் பார்த்தது கோட்டை மட்டும்தான், திருகாணியை இல்லை. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா ஓட்டிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது? அதுக்காக இஸ்திரிப் பெட்டி உங்க மண்டையில விழட்டும்னு விட்டுடவா முடியும்?" என்றாள்.

மாப்பிள்ளை, கையெழுத்துப் போடாதீர்கள். இரும்புக் குழாயில் எப்படி மாட்டுவது என்று படம் போட்டு அனுப்புங்கள். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் வாபஸ் வாங்கவில்லை, குடை விஷயம் உட்பட. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். பெட்டியை நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன்.